நாலு வருஷம் ஈராக்ல பைப் போட்ட சித்தப்பா ஒரு ஈராக் வீட்டைக்கூட பாக்கலயாம். எப்படி?

ஆண்டாப்ஹில் பையன்:

வணக்கம் மக்களே. தலைப்பு ஜோக்குக்காக போடல, நெசமாவே புரியாமத்தான் கேக்கறேன். போன ஞாயித்துக்கெழம சித்தப்பா வீட்ல (தாராவி, 90 அடி ரோடு பக்கம்) எல்லாரும் சாப்டுட்டு இருந்தோம், டிவி நியூஸ்ல இடிஞ்ச கட்டடமா காட்டிட்டு கீழ மறுசீரமைப்புக்கு இத்தன பில்லியன்னு எழுத்து ஓடிச்சு. சித்தப்பா கைய அப்படியே தட்டுல வச்சுக்கிட்டு சிரிச்சாரு. என்னன்னு கேட்டா, "டேய், நான் 2004 கடைசிலேர்ந்து 2008 வரைக்கும் பாக்தாத் ஏர்போர்ட் பக்கத்து கேம்ப்ல பிளம்பர், எத்தன கிலோமீட்டர் பைப் போட்டுருப்பேன்னு எனக்கே தெரியாது, அத்தனையும் அமெரிக்க பட்டாளத்துக்காரன் குளிக்கறதுக்கு. ஒரு ஈராக்காரன் வீட்டு குழாயில தண்ணி வந்தத நான் பாத்ததே இல்ல, அவன் வீட்டையே பாத்ததில்ல"ன்னாரு. அதுக்கப்பறம் ரசம் கேட்டாரு, பேச்சு அதோட முடிஞ்சுது.

நான் எம்.ஏ. பொலிட்டிகல் சயின்ஸ் ரெண்டாவது வருஷம். அடுத்த வாரம் எனக்கு பிரசன்டேஷன் இருக்கு, ராணுவ ஆக்கிரமிப்புல இருக்கற நாட்ல பாதுகாப்பு முதல்லயா கட்டுமானம் முதல்லயான்னு. புக்ல எல்லாம் பாதுகாப்பு வந்தாதான் கட்ட முடியும்னு ஒரே வரில முடிச்சிடறாங்க. ஆனா அமெரிக்காட்ட பணம் இருந்துச்சு, ஆள் இருந்துச்சு, சித்தப்பா மாதிரி பிளம்பர் கூட இருந்தாங்க. அப்பறம் ஏன் ஊருக்குள்ள தண்ணியும் கரண்ட்டும் போகல? விஷயம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க, லிங்க் வேணாம், உங்க வாயால சொல்லுங்க.


டோம்பிவிலி ஸ்லோ லோக்கல்:

தம்பி, நான் கரண்ட் டிபார்ட்மென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவன், அதனால கரண்ட்ட மட்டும் சொல்றேன், மத்தத மத்தவங்க சொல்லட்டும்.

2003 மார்ச் 20 படையெடுப்பு, ஏப்ரல் 9 பாக்தாத் விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி அந்த நாட்டோட உற்பத்தியே 4,000 மெகாவாட் சுத்துலதான், தேவைக்கு பத்தாது. ஆனா சதாம் என்ன பண்ணாருன்னா மத்த ஊர இருட்டுல போட்டுட்டு பாக்தாத்துக்கு குடுத்தாரு. இது நமக்கு புரியாத விஷயம் இல்ல, 2006 வாக்குல எங்க டோம்பிவிலில நாள்பூரா லோட்ஷெட்டிங், மும்பை சிட்டிக்குள்ள தாதர்ல ஃபேன் ஒரு நிமிஷம் நிக்காது. தாதர்க்காரன்ட்ட கேட்டா மகாராஷ்டிராவுல கரண்ட் பிரச்னையான்னு நம்மளையே திருப்பி கேப்பான். அமெரிக்கா வந்து எல்லா மாகாணத்துக்கும் சமமா பிரிச்சுது, நியாயந்தான், ஆனா கேமராவும் பத்திரிகையும் கோவமும் எல்லாம் பாக்தாத்லதான இருக்கு. பாக்தாத்காரன் சதாம் காலத்துல இருந்த கரண்ட்டும் போச்சேன்னான். சமமா பிரிச்சதும் நிலைக்கல, கொஞ்ச நாள்ல பவர் ஸ்டேஷன் இருக்கற மாகாணம் எங்க கரண்ட் எங்களுக்குத்தான்னு தலைநகருக்கு அனுப்ப மறுக்க ஆரம்பிச்சுது, சுவிட்ச் போடற ஆபரேட்டருக்கு மிரட்டல் வேற.

அடுத்தது, பாக்தாத் விழுந்த முதல் வாரத்துலேர்ந்தே கொள்ளை. மந்திரி ஆபீஸ் எல்லாம் சூறை போகுது, அமெரிக்க பட்டாளம் நின்னு வேடிக்க பாக்குது. டவர சாச்சு செம்பு கம்பிய உருக்கி எல்லை தாண்டி வித்தாங்க. நீ ஒரு லைன் போட ஆறு மாசம், அத சாய்க்க ஒரு ராத்திரி. ஒரு ஸ்டேஷனுக்கு காவல் போடலாம், பாலைவனத்துல நூத்துக்கணக்கான கிலோமீட்டர் போற லைனுக்கு யாரு காவல்?

இதுல பாதுகாப்புக்கு சம்பந்தமே இல்லாத தப்பும் இருக்கு, அத யாரும் பேசறதில்ல. கேஸ் டர்பைன் கொண்டுவந்து வச்சாங்க, சீக்கிரம் நிறுவலாம்னு. கேஸ் எங்க? எண்ணெய் கிணத்துல வர்ற கேஸ அந்த நாடு எரிச்சு விட்டுட்டு இருக்கு, அத புடிச்சு ஸ்டேஷனுக்கு கொண்டுவர பைப் இல்ல. அதனால டர்பைன்ல கனமான எண்ணெய ஊத்தி ஓட்டினாங்க. அப்படி ஓட்டினா உற்பத்தியும் கொறையும், பிளேடு சீக்கிரம் கெடும், சர்வீஸுக்கு அடிக்கடி நிக்கும். என்ன மாதிரி ஆள கூப்ட்டு கேட்டுருந்தா சாயா குடிச்சு முடிக்கறதுக்குள்ள சொல்லிருப்பேன். கூடவே வரி இல்லாம இறக்குமதிய தெறந்து விட்டாங்க, ஜனங்க ஏசி, ஃப்ரிட்ஜுன்னு வாங்கி குவிச்சாங்க, மீட்டர் கெடயாது, பில்லு பேருக்குத்தான். 2004 கோடைக்குள்ள 6,000 மெகாவாட்டுனு டார்கெட் வச்சாங்க, எட்டல. தேவ அதுக்கு முன்னாடி ஓடிடுச்சு.

கடைசில ஊர காப்பாத்துனது யாருன்னா தெருவுக்கு ஒருத்தன் டீசல் ஜெனரேட்டர் வச்சு ஆம்பியர் கணக்குல கரண்ட் வித்தான். வீட்டுக்கு அஞ்சு ஆம்பியர், மாசம் இவ்ளோன்னு. தெரு பூரா ஒயரு தேன்கூடு மாதிரி தொங்கும். அந்த ஜெனரேட்டர்காரன் எந்த பில்லியன் கணக்குலயும் இல்ல.


ஒன்லைன் ஓனர்:

எல்லாம் எண்ணெய்க்குத்தான் பாஸ். இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கட்டுரை.


டோம்பிவிலி ஸ்லோ லோக்கல்:

எண்ணெய்க்குத்தான்னா எண்ணெய் பம்ப்புக்கும் கரண்ட் வேணும் தம்பி.


செம்பூர் கருப்புகோட்:

சட்டத்த பத்தி யாரும் சொல்லலியே, நான் சொல்றேன். ஆக்கிரமிப்புங்கறது திட்டற வார்த்தை மட்டும் இல்ல, அது ஒரு சட்ட நிலை, அதுக்கு கடமை உண்டு. 1907 ஹேக் விதிகள் 43வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஊர் யார் கையில வந்துச்சோ அவன்தான் பொது ஒழுங்கையும் ஜன வாழ்க்கையையும் மீட்டு குடுக்கணும், அதே சமயம் அந்த நாட்டு சட்டத்த முடிஞ்சவரைக்கும் மதிச்சு நடக்கணும். 1949 நாலாவது ஜெனிவா ஒப்பந்தத்துல சோறு, மருந்து, சுகாதாரம் எல்லாம் அவன் பொறுப்புல வருது. 2003 மே 22ல ஐ.நா. பாதுகாப்பு சபை 1483வது தீர்மானத்துல அமெரிக்கா, பிரிட்டன் ரெண்டையும் ஆக்கிரமிப்பு சக்திகள்னு எழுத்துலயே ஏத்துக்கிச்சு. அதனால "பாதுகாப்பு முதல்லயா கட்டுமானம் முதல்லயா"ங்கற கேள்வியே சட்டப்படி தப்பு, ரெண்டும் ஒரே கடமையோட ரெண்டு கை. இத உன் முதல் ஸ்லைடுல போடு, ப்ரொஃபசர் வாய மூடிடுவாரு.

நடந்தது என்னன்னா, மே 12 ஈராக்க நிர்வாகம் பண்ண அமெரிக்கா அனுப்பின பால் பிரெமர் வந்து எறங்குறாரு. 16ஆம் தேதி முதல் ஆணை, சதாமோட பாத் கட்சி மேல்மட்ட ஆளுங்க எல்லாருக்கும் அரசு வேலை போச்சு, அதுல இன்ஜினியர், வாத்தியார், ஆஸ்பத்திரி டீன் எல்லாம் உண்டு, ஏன்னா அங்க பதவி வேணும்னா கட்சி கார்டு வேணும். 23ஆம் தேதி ரெண்டாவது ஆணை, ஈராக் பட்டாளம் மொத்தமா கலைப்பு. லட்சக்கணக்குல ஆளுங்க, கையில துப்பாக்கி, சம்பளம் நின்னுடுச்சு. ஒரே வாரத்துல கட்டறதுக்கு வேண்டிய மூளையையும் காக்கறதுக்கு வேண்டிய கையையும் வீட்டுக்கு அனுப்பியாச்சு. இத்தனைக்கும் நாட்டு சட்டத்த மதிக்கணும்னு இருக்கறப்போ பிரெமர் நூறு ஆணை போட்டாரு, அதுல 39வது ஆணை எண்ணெய் தவிர மத்த தொழில வெளிநாட்டுக்காரன் நூறு சதவீதம் வாங்கலாம்னு தெறந்து விட்டுது, 17வது ஆணை காண்ட்ராக்டருங்கள ஈராக் கோர்ட்டுக்கு அப்பால வச்சுது. அதோட பலன் 2007 செப்டம்பர் 16, பாக்தாத் நிசூர் சதுக்கத்துல பிளாக்வாட்டர்ங்கற அமெரிக்க தனியார் கம்பெனி காவலாளிங்க சுட்டு 17 பேர் செத்தாங்க, பொதுஜனம். பாதுகாப்புன்னு கூலிக்கு வந்தவன்ட்டேர்ந்து பாதுகாப்பு யாரு குடுக்கறது?

காகிதத்துல ஆக்கிரமிப்பு 2004 ஜூன் 28ல முடிஞ்சுது, சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே, விழா நடந்தா குண்டு விழும்னு பயந்து ஒரு ரூமுக்குள்ள காகிதம் கை மாத்திட்டு பிரெமர் ஃபிளைட் ஏறிட்டாரு.


நெல்லை மெஸ்காரன்:

எல்லாரும் ஆணை நம்பரா சொல்லுதீக. நான் உள்ள இருந்தவன், ஒண்ணு ரெண்டு சொல்லுதேன் கேளுங்க. தம்பி உங்க சித்தப்பா சொன்னது அச்சு அசல் உண்ம.

நான் 2005லேர்ந்து மூணு வருசம் பலாத் கேம்ப், பாக்தாத்துக்கு வடக்க. சமையக்கட்டு. இங்க மும்பையில ஏஜெண்டுட்ட ஒன்றர லட்சம் குடுத்து குவைத்துல ஓட்டல் வேலைன்னு போனவன்தான். ட்ரேட் டெஸ்டுக்கு ஆம்லெட் போடச் சொன்னான், போட்டேன். அந்த சமயத்துல இந்தியாக்காரன் ஈராக் போகக்கூடாதுன்னு நம்ம சர்க்கார் தடை போட்டிருந்துச்சு, 2004ல லாரி டிரைவர்மார கடத்துன பொறவு. ஆனா குவைத்துல எறங்குனப்பறம் அந்த தடைய எவன் பாக்கான். பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கிட்டு பஸ்ஸுல ஏத்துனான், ராத்திரி, ஜன்னல்ல தெர. விடிஞ்சு பாத்தா பட்டாளம். மாசம் 450 டாலர். வீட்டுக்கு போன் பண்ணி குவைத்துலதான் இருக்கேன்னு சொன்னேன், மூணு வருசமும் அதத்தான் சொன்னேன்.

கேம்ப்புக்குள்ள எல்லாம் இருக்கும். பர்கர் கட, சினிமா, நீச்சல் குளம். சுத்தி பன்னெண்டு அடி கான்கிரீட் சுவரு, தலகீழா நிக்க "டி" மாதிரி, டி வால்ம்பான். அதுக்குள்ள ரோடு போட்டான், கரண்ட் போட்டான், தண்ணி சுத்தம் பண்ணுதான், எதுவுமே ஒரு நாள் நின்னதில்ல. குண்டு மட்டும் தெனம் விழும், மைக்குல "இன்கமிங் இன்கமிங்"னு கத்துவான், நாங்க தோச கரண்டிய கீழ போட்டுட்டு பங்கருக்கு ஓடுவோம், அடுப்ப அணைச்சமான்னு அங்க போயி நெனப்போம். முட்டைலேர்ந்து கீரை வரைக்கும் குவைத்துலேர்ந்து லாரில வரணும். பக்கத்துலதான் டைக்ரிஸ் ஆறு, அங்க தோட்டமும் தொரவுமா கெடக்கு, தக்காளி வெளையுது. ஆனா வாங்கக்கூடாது, வெசம் வச்சிருவான்னு. அப்ப அந்த தக்காளிக்காரன் என்ன பண்ணுவான்?

ஒரு ஆளு ஞாபகம் இருக்கு. குப்ப அள்ள கூலிக்கு உள்ளூர்க்காரங்க கொஞ்ச பேர கூட்டிட்டு வருவான், பின்னாலயே துப்பாக்கியோட ஒரு சிப்பாய் நிப்பான், மூத்திரம் போகவும் அவன் வரணும். அதுல ஒருத்தர் அம்பது வயசு இருக்கும், கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவாரு, பழைய பட்டாளத்துல டேங்க் மெக்கானிக்காம். கேம்ப் ஜெனரேட்டர் ஒண்ணு திக்குச்சுன்னா சத்தத்த கேட்டே இன்னது கோளாறுன்னு சொல்லுவாரு. அத தொட அவருக்கு அனுமதி கெடயாது. அந்த ஜெனரேட்டர ஓட்ட பிலிப்பைன்ஸ்லேர்ந்து ஆள் வந்திருந்தான். சில நாளு மடியில சம்மூன்னு அவுக ரொட்டி ரெண்டு முனையும் கூரா இருக்கும், அத கொண்டாந்து தருவாரு, நான் பதிலுக்கு ஆப்பிள் குடுப்பேன், யாரும் பாக்காம. ஒரு நா கேட்டாரு, நீ எவ்ளோ வாங்குத, ஊருக்கு வர எவ்ளோ செலவாச்சுன்னு. சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. என்னய பாத்தாரு, பொறவு குப்பையப் பாத்துட்டு போயிட்டாரு. அவரு ஊர்ல அவருக்கு இல்லாத வேல எனக்கு கெடச்சுதுன்னா அதுக்கு காரணம் என் சமையல் இல்ல தம்பி, நான் அந்த ஊர்க்காரன் இல்லங்கறதுதான். அதான் அவன் பாதுகாப்பு.

2006ல மேலேர்ந்து உத்தரவு வந்துச்சு தொழிலாளி பாஸ்போர்ட்ட காண்ட்ராக்டர் புடிச்சு வைக்கக்கூடாதுன்னு, அப்பதான் என் பாஸ்போர்ட்ட திரும்ப கண்ணால பாத்தேன். கேம்ப் குப்ப மொத்தமும் ஒரு குழியில போட்டு எரிப்பான், பிளாஸ்டிக், பேட்டரி எல்லாம், ராத்திரி பூரா பொக. இப்பவும் மழக்காலத்துல இருமல் விடாது. 2022ல அவுக சிப்பாய்களுக்கு அந்த பொகைக்காக ஒரு சட்டம் போட்டு வைத்தியம் குடுக்காவ. எங்களுக்கு எது?


மாட்டுங்கா ஃபில்டர்காபி:

மெஸ்கார அண்ணாச்சி எழுதினது மனச கஷ்டப்படுத்துது, இருந்தாலும் ஒரு பக்கம் மட்டும் பேசறோம்னு தோணுது. பாதுகாப்பு இல்லாம கட்டினா என்ன ஆகும்னு 2003 ஆகஸ்ட் 19லயே தெரிஞ்சு போச்சே, பாக்தாத் கனால் ஹோட்டல்ல ஐ.நா. ஆபீஸ்ல லாரி குண்டு, ஐ.நா. தூதர் செர்ஜியோ வியெரா டி மெல்லோ உட்பட 22 பேர் செத்தாங்க. அவங்க டி வால் வேணாம், ஜனங்க வந்து போக தெறந்து இருக்கட்டும்னு இருந்தவங்க. அதுக்கப்பறம் ஐ.நா. மூட்ட கட்டிடுச்சு. அப்ப சுவர் கட்டினவன எப்படி குத்தம் சொல்றது?

2007ல அமெரிக்க ஜெனரல் பெட்ரேயஸ் காலத்துல கிட்டத்தட்ட 30,000 பேர் கூடுதலா வந்தாங்க, அதவிட முக்கியம், பெரிய கேம்ப்ப விட்டு வெளிய வந்து தெருவுக்குள்ள சின்ன சின்ன போஸ்ட் போட்டு உக்காந்தாங்க. உள்ளூர் சன்னி ஆளுங்களுக்கு மாசம் 300 டாலர் குடுத்து அவங்க தெருவ அவங்களே காக்க வச்சாங்க, 2008ல அது ஒரு லட்சம் பேர் கிட்ட. சாவு எண்ணிக்க சடார்னு எறங்கிச்சு. ஆக பாதுகாப்பு முதல்லங்கறது வேலை செஞ்சுதுங்க. ஒத்துக்கணும்.


செம்பூர் கருப்புகோட்:

வேலை செஞ்சுது, சரி. அந்த ஒரு லட்சம் பேருக்கு போலீஸ்லயும் அரசாங்கத்துலயும் நிரந்தர வேலைன்னு சொன்னது என்னாச்சு? ஈராக் பிரதமர் மாலிக்கி அரசு பாதிக்கு மேல இழுத்தடிச்சுது. 2011 டிசம்பர்ல கடைசி அமெரிக்க வண்டி குவைத்துக்குள்ள போச்சு, 2014 ஜூன்ல மோசுல் ஊரு ஐ.எஸ். தீவிரவாதிங்க கையில விழுந்துச்சு, அவ்ளோ பணம் போட்டு பயிற்சி குடுத்த பட்டாளம் யூனிஃபார்ம கழட்டி போட்டுட்டு ஓடுச்சு. அங்க வேலைக்கு போயிருந்த நம்ம ஆளுங்க 39 பேர ஐ.எஸ். கடத்தி கொன்னுச்சு, செத்ததே 2018லதான் நமக்கு உறுதியா சொன்னாங்க.


டோம்பிவிலி ஸ்லோ லோக்கல்:

ஃபில்டர்காபி சார், அந்த 300 டாலர் கதைய நல்லா கவனிங்க, உள்ளூர்க்காரனுக்கு வேல குடுத்தப்போதான் குண்டு கொறஞ்சுது. 2003லயே பட்டாளத்த கலைக்காம அதே சம்பளத்த குடுத்துருந்தா? நீங்க பாதுகாப்புங்கறீங்க, நான் அத கூலிம்பேன்.

பணத்த பத்தியும் ஒரு வார்த்தை, தம்பி கணக்கு கேப்பானேன்னு. 2003 நவம்பர்ல அமெரிக்க காங்கிரஸ் 18.4 பில்லியன் டாலர் ஒதுக்குச்சு, பெருசா தண்ணி, கரண்டுக்குன்னு. 2004 செப்டம்பர்ல அதுல 3.4 பில்லியன் கிட்ட எடுத்து காவலுக்கும் எண்ணெய்க்கும் திருப்பிட்டாங்க. அதாவது உன் சித்தப்பா போடவேண்டிய ஊர் பைப் அங்கதான் போலீஸ் ஜீப்பா மாறிச்சு. மிச்ச காண்ட்ராக்ட்லயும் சில வேலைல கால்வாசி வரைக்கும் செக்யூரிட்டி செலவே முழுங்கிடும், இன்ஜினியர் சைட்டுக்கு போகணும்னா ரெண்டு மூணு குண்டு துளைக்காத வண்டி, துப்பாக்கிக்காரன் கூட, அதுவும் அன்னிக்கு ரோடு தெறந்தா. போகாத நாளுக்கும் சம்பளம் ஓடும். பல்லூஜால கழிவுநீர் திட்டம் 2004ல ஆரம்பிச்சாங்க, 32.5 மில்லியன் டாலர்னு. சுமார் 100 மில்லியன் ஆச்சு, ஊர்ல மூணுல ஒரு பங்குக்கு தான் வேல. அதுலயும் வீட்டுலேர்ந்து மெயின் பைப்புக்கு கனெக்ஷன் குடுக்கறது காண்ட்ராக்ட்லயே இல்ல. பிளம்பர் வேல! 150 சுகாதார நிலையம் கட்டறோம்னாங்க, 2006ல ஒப்பந்தத்த ரத்து பண்ணும்போது ஆறு முடிஞ்சிருந்துச்சு. இதெல்லாம் எதிரி சொன்ன கதை இல்ல, அவங்களே போட்ட தனி தணிக்க அதிகாரி ஸ்டூவர்ட் போவன் எழுதி வச்சது, 2013ல கடைசி அறிக்க, மொத்தம் 60 பில்லியன் கிட்ட செலவு, குறைஞ்சது 8 பில்லியன் வீண்னு. அந்த 60ல 20 பில்லியனுக்கு மேல போலீசுக்கும் பட்டாளத்துக்கும்.

ஜப்பான்காரன் ஒருத்தன்தான் வித்தியாசமா பண்ணான். 2004லேர்ந்து 2006 வரைக்கும் சமாவா ஊர்ல அறுநூறு பேர் கிட்ட, தண்ணி சுத்திகரிப்பு, ஸ்கூல், ரோடு. ஒரு குண்டு சுடல, ஒரு ஆளும் சாகல. ஆனா அவனுக்கு காவலா டச்சுக்காரன் நின்னான், அப்பறம் ஆஸ்திரேலியாக்காரன் நின்னான், ஊரும் கொஞ்சம் அமைதியான ஊரு, அதையும் சொல்லணும்ல.


ஒன்லைன் ஓனர்:

நம்ம நாடும் பட்டாளம் அனுப்ப இருந்துச்சே? அப்ப 87ல யாழ்ப்பாணம் போனத பத்தியும் பேசலாமே.


மாடரேட்டர்:

அமைதிப்படை பத்தி தனி இழை இருக்கு, அங்க போங்க. இங்க இழுத்தா பூட்டிடுவேன், போன தடவ நானூறு பதிவு போச்சு. அனுப்ப இருந்த விஷயத்துக்கு மட்டும் பதில்: அமெரிக்கா ஒரு டிவிஷன், 17,000 பேர் அளவுக்கு கேட்டுச்சு, வாஜ்பாய் அரசு 2003 ஜூலை 14ல ஐ.நா. தீர்மானம் இல்லாம அனுப்ப மாட்டோம்னு சொல்லிடுச்சு.


நெல்லை மெஸ்காரன்:

பட்டாளம் போகல, சமையக்காரனும் பிளம்பரும் போனோம்.


செம்பூர் கருப்புகோட்:

அண்ணாச்சி, உங்க இருமலுக்கு ஒரு விஷயம். அமெரிக்க காண்ட்ராக்ட்ல வெளிநாட்ல வேல பாத்தவங்களுக்கு 1941லேர்ந்து டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட்னு ஒரு இன்சூரன்ஸ் சட்டம் இருக்கு, எந்த நாட்டுக்காரனா இருந்தாலும், சப் காண்ட்ராக்டர் ஆளா இருந்தாலும் சேத்தி. யாரும் உங்ககிட்ட சொல்லிருக்க மாட்டாங்க. காலக்கெடு இருக்கு, அதனால கெடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா கேம்ப் ஐடி கார்டு, சம்பள சீட்டு, டாக்டர் சீட்டு ஏதாவது இருந்தா தூக்கி போடாதீங்க. தனிச்செய்தில வாங்க, ஃபீஸ் வேணாம்.


ஆண்டாப்ஹில் பையன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. பிரசன்டேஷன் தலைப்ப மாத்திட்டேன், முதல் ஸ்லைடு 43வது பிரிவு, ரெண்டாவது 300 டாலர், மூணாவது பல்லூஜா.

நேத்து ராத்திரி சித்தப்பாவுக்கு இந்த இழைய படிச்சு காட்டினேன். கரண்ட் கதைக்கு தலையாட்டினாரு, கோர்ட் கதைக்கு கொட்டாவி விட்டாரு. மெஸ்காரர் எழுதினத படிக்கறப்போ நிறுத்துனு சொல்லிட்டு உள்ள போயி பீரோ மேல இருந்த டிரங்க் பெட்டிய எறக்கினாரு, சித்தி எதுக்கு இப்பன்னு கத்துது, அதுல ஒரு பிளாஸ்டிக் கவர்ல கேம்ப் ஐடி, சம்பள சீட்டு ஒரு கட்டு, கூட ஒரு சின்ன பித்தளை வால்வு. வால்வு எதுக்குன்னு கேட்டேன். சாமான் வந்ததுல ஒண்ணு மிச்சம், எடுத்துக்கிட்டேன், எங்கயும் மாட்டலன்னாரு.

மெஸ்காரர் அண்ணாச்சிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு. நீங்க வீட்ல குவைத்னு சொன்னத எப்ப மாத்தி சொன்னீங்கன்னு. சித்திக்கு போன ஞாயித்துக்கெழம தான் தெரியுமாம்.